படத்தில் ஆள் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எங்கள் வீட்டில் முதலில் எடுப்பவள் அவள்தான். செய்தி படிப்பதற்காக அல்ல. நான் ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயரோடு செய்தி வந்திருந்தாலும் அவள் கண்ணில் பட்டதில்லை. அவள் தேடுவது அடுக்குமாடி விளம்பரங்களை. பக்கம் முழுக்க ஒரு கட்டடம் நிற்கும். அடியில் புல்வெளி. புல்வெளியில் பொன்னிற முடியோடு ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு குழந்தை, கையில் பலூன்.

"யக்கா, இது எங்கன கட்டுதானுவன்னு பாத்தியளா? தேவ்நார். குப்பை மேட்டுக்கு இந்தப் பக்கம். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட வேண்டிய இடம். இவ பலூன் பிடிச்சிக்கிட்டு நிக்கா."

பிறகு பேனாவை எடுத்து அந்தப் படத்திலேயே வரைய ஆரம்பிப்பாள். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வாட்ச்மேன். பின்வாசல் வழியாக இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வரும் ஒரு பாத்திரம் தேய்க்கும் பெண். தண்ணீர் கேனைத் தோளில் வைத்த ஒருவன். பலூன் குழந்தையைக் கோடு போட்டு அடிக்க மாட்டாள். அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்பாள். டீ ஆறிப்போகும்வரை வரைந்துவிட்டு, பேப்பரை என் பக்கம் தள்ளுவாள். என் செய்தியின் மேல் மை ஊறியிருக்கும்.

செம்பூரில் நாங்கள் இருவரும் ஒரே ஃப்ளாட்டில் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தோம். கழிமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், நவி மும்பையில், ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் அவள் விரிவுரையாளர். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வேலை. என்னைவிடச் சில வயது இளையவள். நல்ல கறுப்பு. அடுத்தவர் கண் அதைக் கவனிப்பதற்குள் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். எண் என் போனில் இருக்கிறது. அவளும் கூப்பிடுவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஒரு ஃப்ளாட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இடையில் என்ன உண்டோ அவ்வளவுதான் இருந்தது என்று அப்போது நினைத்திருந்தேன்.

கல்லூரியில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. மாணவர்கள் வரைந்து வந்து நீட்டும் எந்தப் படத்தையும் கையில் வாங்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆத்மி கிதர் ஹை?" ஆள் எங்கே? வீட்டை வரைந்தாலும் ரயில் நிலையத்தை வரைந்தாலும் அதே கேள்வி. சுவரின் கனம், ஜன்னலின் அளவு எல்லாம் அப்புறம். பிள்ளைகள் அவளுக்கு 'ஆத்மி மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷம். "கறுப்பின்னு வைக்காம விட்டானுவளே" என்றாள்.

எந்தப் புதுக் கட்டடத்துக்குள் போனாலும் அவள் கண் ஒரே விஷயத்தைத் தேடும். காட்கோபரில் ஒரு மாலுக்குக் கூட்டிப் போனேன். எனக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது. அவள் மாடிப்படிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கூட்டிப் பெருக்கும் பெண்கள் அங்கே தரையில் அட்டையை விரித்து டப்பா திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். "இதைக் கட்டுனவன் வரைபடத்துல அந்த இடத்துக்கு என்ன பேரு போட்டிருப்பான் தெரியுமா? ஒண்ணும் போட்டிருக்க மாட்டான்." அதற்குப் பிறகு எனக்குச் செருப்புத் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை. அவளோடு வெளியே போவதில் அந்தத் தொந்தரவு உண்டு.

எங்கள் ஃப்ளாட்டின் சொந்தக்காரர் பாலக்காட்டுக் குடும்பம். ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃப்ளாட் பார்க்கப் போன அன்று என்னிடம் அடையாள அட்டையைக் கேட்டார். அவளிடம் ஊரைக் கேட்டார்.

"தாராவி," என்றாள்.

"அது இருக்கட்டும். பூர்வீகம் எது?"

"தாராவிதான் மாமா. எங்கப்பா பொறந்ததே அங்கதான்."

"அதில்லைம்மா, தமிழ்நாட்டுல."

"திருநெல்வேலிப் பக்கம்னு சொல்லுவாவ. நான் பாத்ததில்ல."

அடுத்த கேள்வியை அவர் அவளிடம் கேட்கவில்லை. அவள் பால்கனியைப் பார்க்கப் போனதும் என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், "நம்மவாளா?" என்றார். நான் மதுரைக்காரி. அவருடைய 'நம்ம'வில் நானும் சேர்த்தியில்லை. அதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டார். ஃப்ளாட் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. கொடுத்துவிட்டார்.

பால்கனியில் நின்றவள் காதில் அது விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டில் கேலிக்குரியதாகிவிட்டது. விளம்பரத்துப் பொன்முடிக்காரியைக் காட்டி, "யக்கா, இவ நம்மவாளா?" என்பாள். பால் திரிந்துபோனால், "நம்மவா இல்ல போல." நானும் சிரிப்பேன். நான் நிறுத்திய பிறகும் அவள் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அது மாதிரி ஒரு சொல்லை அவள் முன்பே ஒரு முறை கேட்டிருந்தாள். படித்து முடித்ததும் மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் கட்டடக்கலைஞரின் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறாள். குரலைக் கேட்டதும் அவர், அட நம்ம ஆளு, நாளைக்கே வாம்மா என்றாராம். மறுநாள் நேரில் பார்த்தார், பயோடேட்டாவில் முகவரியைப் படித்தார். வேலை கொடுத்தார். நல்ல மனுஷன்தான் என்று அவளே சொல்வாள். 'நம்ம ஆளு' மட்டும் மறுபடி வரவில்லை.

அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை, கம்ப்யூட்டரில் செய்த கட்டடப் படங்களில் மனிதர்களை ஒட்டுவது. அதற்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு. நடக்கிறவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோரையும் வெட்டித் தயாராக வைத்திருக்கும். எல்லோரும் வெள்ளைக்காரர்கள். மே மாத மும்பையில் கம்பளிக் கோட்டோடு நடப்பார்கள். அவள் ஒரு விடுமுறை நாளில் தன் சந்துக்குப் போய், போனில் ஆட்களைப் படம் எடுத்து, வெட்டி, தானே ஒரு ஃபோல்டர் செய்தாள். அடுத்து வந்த படத்தில் நீச்சல் குளத்தின் ஓரமாக அவளுடைய சித்தி நின்றாள். நைட்டிக்கு மேல் துப்பட்டா, தோளில் ஈரத் துண்டு.

"முதலாளி கூப்பிட்டாரு. ஏம்மா, யாரு இந்தம்மான்னாரு. 'ஃப்ளாட் ஓனர் சார்'னேன்."

படம் வெளியே போவதற்குள் சித்தியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு தொட்டிச் செடி வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவள் அந்த வேலையை விட்டாள். சித்தியிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். செடிக்குத் தண்ணி ஊத்துறது யாருன்னு கேட்டுச் சொல்லு என்றாளாம் சித்தி.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லுகிறவள் ஒன்றை மட்டும் வேடிக்கையில்லாமல் சொன்னாள். அதுவும் ஒரே தடவை. மழையில் கரண்ட் போய், இருவரும் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மாலையில்.

அவள் படித்த கல்லூரியில் இரண்டாம் வருடம் ஒரு பாடம். ஒரு குடியிருப்புக்குப் போய் வீடுகளை அளந்து வந்து வரைய வேண்டும். ஆசிரியர் தேர்ந்தெடுத்தது தாராவி. வகுப்பில் தாராவியிலிருந்து வந்தவள் அவள் ஒருத்தி. அது யாருக்கும் தெரியாது. வடாலா என்று சொல்லி வைத்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஆசிரியர் நடந்த சந்து அவளுடைய சந்து. அவர் நின்ற வாசல் அவளுடைய வாசல். முன்கூட்டி அனுமதி வாங்கியவர்கள் யாரென்று தெரியவில்லை. அம்மா கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"நான் கடைசியில நிக்கேன். குனிஞ்சு செருப்பைப் பாத்துக்கிட்டு. அம்மா ஒவ்வொருத்தருக்கா தண்ணி குடுத்துக்கிட்டு வாரா. என்கிட்ட வந்தா. டம்ளரை நீட்டி, 'லோ பேட்டி, பானி'ன்னா."

இந்தா மகளே, தண்ணீர். அம்மா அவளிடம் அதுவரை இந்தியில் பேசியதே இல்லை.

தோழிகள் டேப்பைப் பிடித்து அளந்தார்கள். அவளும் ஒரு முனையைப் பிடித்தாள். அந்தக் குழு வரைந்த படம் வகுப்பிலேயே சிறந்தது என்று சுவரில் ஒட்டினார்கள். மரப்பலகைத் தட்டு, கேஸ் சிலிண்டர், தண்ணீர் டிரம், சாமி படம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மேலிருந்து பார்த்த மாதிரி, கூரையைத் தூக்கிவிட்டு வரைந்திருந்தார்கள். அம்மா மட்டும் இல்லை. ஆசிரியர் படத்தைப் புகழ்ந்து முடித்ததும் இவள் எழுந்து, சார், இந்த வீட்டில் இருக்கிற ஆள் எங்கே என்று கேட்டாள். அவர் நல்ல கேள்வி என்றார். அடுத்த படத்துக்குப் போனார்.

கரண்ட் வந்தது. அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள்.

தான்சானியாவிலிருந்து அவள் கல்லூரிக்கு ஒரு மாணவி வந்தாள். அந்தப் பெண்ணை இவள் முதலில் பார்த்தது கல்லூரியில் அல்ல, ரயிலில். ஹார்பர் லைனில் பெண்கள் பெட்டி. மும்பை லோக்கலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவதாக ஒருத்தி ஒண்டிக்கொள்வது வழக்கம். அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. ஓரத்தில் இருப்பவளின் முழங்காலைத் தட்டி, 'தோடா கிஸ்கோ' என்றால் மூன்று பேரும் நகர்ந்துதான் ஆகவேண்டும். அன்று பெட்டியில் நிற்க இடமில்லை. ஒரு பலகையின் ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான்காவது இடம் காலியாகவே வந்தது. பெண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள், அவள் முழங்காலை யாரும் தட்டவில்லை.

இவள் போய்த் தட்டினாள். அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்துவிட்டாளாம், இறங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து.

இருவரும் ஒரே கல்லூரி என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மறுவாரம் அந்தப் பெண் இவளுடைய வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். குழு பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் தாங்களே பிரிந்துகொள்வார்கள். யாரும் ஒதுக்குவதில்லை, கடைசியில் அவள் மிச்சமாக நிற்பாள். அவள் முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். நல்ல பிள்ளைகள்தான், கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனால் திரும்பி வருவதாக இல்லை என்று அவள் யாரிடமோ சொல்லியிருந்தாள். அது இவள் காதுக்கு வந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க இவளுக்கு வேறு கவலையே இல்லை. அந்தப் பெண் போகக் கூடாது. ரயிலில் தினமும் அவளுக்கு இடம் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தாள். சப்பாத்தியைப் பார்த்து அந்தப் பெண், இது எங்கள் ஊர்ச் சாப்பாடு என்றாள். அங்கேயும் அதற்குச் சப்பாத்தி என்றுதான் பெயராம். நான் கேள்வி கேட்டே பழகியவள்; ஏன் கட்டடக்கலை என்று கேட்டேன். வரையும்போது நேரம் போவது தெரியாது என்றாள். இவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் படங்களையெல்லாம் கொண்டுவந்து பரப்பினாள். வாட்ச்மேன்களையும் சித்தியையும் காட்டினாள். நீயும் உன் ஆட்களை வரை, ஃபோல்டரில் இருக்கிற வெள்ளைக்காரர்களை ஒட்டாதே என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள். விருந்தாளி தலையாட்டுவது போல.

கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஜூரி என்று ஒன்று உண்டு. மாணவர்கள் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பார்கள். வெளியிலிருந்து வரும் கட்டடக்கலைஞர்கள் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார்கள். அந்த வருடம் கொடுத்த வேலை, செம்பூரில் ஒரு சிறிய வாசகசாலை. தான்சானியப் பெண்ணின் படத்தில் வாசகசாலை நிறையக் கறுப்பு மனிதர்கள். சடை பின்னிய சிறுமிகள், குழந்தையை முதுகில் கட்டிய பெண்கள். நடுவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உன் மனை எங்கே இருக்கிறது, ஆப்பிரிக்காவிலா?" என்றார். வகுப்பு சிரித்தது.

இவள் எழுந்துவிட்டாள். இதற்கு முந்தின படத்தில் எல்லோரும் பொன்முடிக்காரர்கள், அந்த மனை சுவீடனிலா என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை என்றாள். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. நடுவரும் சிரித்து, கையைத் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இவள் அதோடு விடவில்லை. அந்தப் பெண்ணைப் படத்தின் முன்னால் இழுத்து நிறுத்தி, ஒவ்வொரு ஆளும் யார் யார் என்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னாள்.

அன்று மாலை வீட்டுக்கு மிட்டாய் வாங்கி வந்தாள் இவள். நடந்ததை எனக்கு நடித்துக் காட்டினாள். நடுவரின் கண்ணாடியை, அவர் கையைத் தூக்கியதை. இதை எழுதலாம் யக்கா என்றாள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அவ என்ன சொல்லுவா? சந்தோஷந்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கல்லூரிக்கு வரவில்லை. ரயிலிலும் காணோம். போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. கையில் ஒரு காகிதம். வேறு ஆசிரியரின் குழுவுக்கு மாற்றிக்கொள்ள இவளுடைய கையெழுத்து வேண்டும். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இவள் ஆங்கிலத்தில், நான் உனக்காகத்தானே பேசினேன் என்றாள்.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "ரயிலில் என்னைப் பார்க்கிறார்கள், மேடம். தெருவில் பார்க்கிறார்கள். வரையும்போது மட்டும்தான் என்னை யாரும் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். நான் படத்தில் இருக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கவே இல்லை."

இவள் காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மாற்றினால் இருப்பாயா என்று மட்டும் கேட்டாள். இருப்பேன் என்றாள் அந்தப் பெண். நன்றி சொன்னாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து இவள் என் எதிரில் உட்கார்ந்தாள். "ஊருக்குப் போகாம நின்னுட்டா," என்றாள். அன்றைய பேப்பரில் இரண்டு பக்கத்துக்கு விளம்பரம். ஒரு கோடுகூட விழவில்லை. என்னால் என் செய்தியைச் சுத்தமாகப் படிக்க முடிந்தது.

ஆண்டு முடிவில் கல்லூரியில் படக் கண்காட்சி. வாருங்கள் என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை; நானாகத்தான் கூடப் போனேன். நீண்ட நடைவழியின் இரு சுவர்களிலும் படங்கள். அவள் பின்னால் மாணவர்கள் கும்பலாக வந்தார்கள். ஒவ்வொரு படத்தின் முன்னும் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள், "ஆத்மி கிதர் ஹை?" என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தான்சானியப் பெண்ணின் படம் கோடியில் இருந்தது. அதே வாசகசாலை, மழையில். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. பக்கத்தில் விரித்தபடி காயவைத்த ஒரு குடை. அதிலிருந்து வடிந்த தண்ணீர் படியில் ஓடியிருந்தது. ஜன்னலில் மேஜை விளக்கின் மஞ்சள் வெளிச்சம். ஆள் ஒருவரும் இல்லை.

பின்னால் ஒருவன், "அப் பூச்சேங்கி" என்றான், இப்போது கேட்பார் பார் என்று. எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் குடையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். திரும்பி, டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில், கொஞ்சம் தள்ளி, அந்தப் பெண் காதில் ஒயரோடு நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். இவளும் தலையசைத்தாள். பக்கத்தில் போகவில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீ சொன்னதை அவள் கேட்கவே இல்லை, படத்தில் ஆளே இல்லையே என்றேன்.

"ஆள் உள்ள இருக்கா யக்கா," என்றாள். "நான் கதவைத் தட்டாம திரும்பி வந்துட்டேன்."

ரயில் வந்தது. மூவரும் ஒரே பெட்டியில்தான் ஏற முடிந்தது. அந்தப் பெண் ஒரு பலகையின் ஓரத்தில் இடம் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வாஷியில் கூட்டம் ஏறியது. காலிக் கூடையோடு வந்த ஒரு கிழவி நெருக்கியடித்துக்கொண்டு போய், அவள் முழங்காலைத் தட்டி, யாரென்றுகூடப் பார்க்காமல், "தோடா கிஸ்கோ" என்றாள். அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலே நகர்ந்தாள்.

பாலம் தாண்டியதும் என் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது. கையைக் காட்டிக் கூப்பிட்டேன். இவள் வாசல் கம்பியைப் பிடித்து, வெளியே பார்த்தபடி, செம்பூர் வரை நின்றே வந்தாள்.